இருபத்து மூன்றாவது முட்டி

"இருபத்து மூணாவதும் ஒக்கல மேடம்" என்று புள்ளிவிவரப் பிரிவுப் பெண் போனில் சொன்னபோது, திசு டாக்டர் ஒரு கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கிக்கு அடியில் நகர்த்திக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எதுல ஒக்கல?"

"அத நான் சொல்லக்கூடாதே. ஒத்துதா ஒக்கலையா, அவ்வளவுதான் சொல்லலாம்னு நீங்கதான எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன்மா, போட்டேன். இதுவரைக்கும் மொத்தமா எவ்வளவு ஒத்திருக்கு?"

"பாதிக்குப் பாதி. ஒரு காச சுண்டிப் பூவா தலையா பாத்திருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்" என்றாள் அந்தப் பெண். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

எட்டு மாத வேலை. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களை முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, ஊரெல்லாம் படக்கார டாக்டர் என்று அழைக்கும் ரேடியாலஜிஸ்ட், முட்டியின் உள்பக்கத்துக்கு ஒரு மதிப்பெண், வெளிப்பக்கத்துக்கு ஒரு மதிப்பெண், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுக்கு ஒரு மதிப்பெண் என்று போடுவார். பூஜ்யம் என்றால் நல்ல முட்டி, மூன்று என்றால் போன முட்டி. பிறகு அறுவை நடக்கும். வெட்டி எடுத்த எலும்பும் குருத்தெலும்பும் சவ்வும் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில் திசு டாக்டரிடம் வரும். அவள் எலும்பை அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பதமானதும் மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துத் தன் பங்குக்கு மதிப்பெண் போடுவாள். இரண்டும் மூடிய உறையில் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகும், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. படம் காட்டுவதும் திசு காட்டுவதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் ஆய்வு. நாற்பது முட்டிகள் என்பது திட்டம். முப்பது வாளிகள் வந்துவிட்டன. இருபத்து மூன்றைப் படித்து முடித்தாயிற்று. பாதிதான் ஒத்தது.

வாளிகள் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் மூன்று வரிசையாக இருந்தன. மருந்து நெடி மூக்கில் ஏறி எட்டு மாதமாக இறங்கவில்லை. வீட்டில் காபி குடித்தாலும் அந்த வாசனைதான்.

போன் மறுபடி அடித்தது. படக்கார டாக்டர்.

"கேள்விப்பட்டேன்" என்றார்.

"நானும்தான்."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்து மூணாவது படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதுல தப்பு பண்ண முடியாது. நீங்க இன்னொரு தடவ சீவிப் பாருங்களேன்."

"ஏன், உங்க படத்த இன்னொரு தடவ நீங்க பாக்கறது?"

"பாத்துட்டேன். ரெண்டு தடவ."

"நான் மூணு தடவ சீவிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அவரைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். போகாவிட்டால் அக்கா போன் போட்டே கொன்றுவிடுவாள். அக்கா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. இருபத்தாறு வருஷமாக மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்திப் பழகியதால், சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவாள். இரண்டு வருஷமாக அவளுக்கு இடது முட்டியில் வலி. ஆறு மாதமாக மாடிப்படியைப் பக்கவாட்டில் நண்டுபோல ஏறினாள்.

சோபாவில் காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவர், இவளுக்கு மாமா, மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார்.

"வாம்மா. ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. நீயே சொல்லு. 'லேசான தேய்மானம்.' லேசான! 'சவ்வு லேசாகத் தடித்திருக்கலாம்.' இதுலயும் லேசு. அதுவும் தடித்திருக்கலாம்தான், தடித்திருக்கு இல்ல."

"இன்னிக்கு மட்டும் பதினோரு தடவ படிச்சிட்டாரு" என்றாள் அக்கா. "பாடப்புத்தகம் கூட இவ்வளவு படிச்சிருக்க மாட்டாரு."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். பெருசா ஒண்ணும் இல்லன்னா சந்தோஷப்படணும்ல. மனசுதான் காரணம். கொஞ்சம் நடந்தா சரியாயிடும்."

"நடக்க முடிஞ்சா நான் முதல்ல உங்க பக்கம்தான் நடந்து வருவேன். கையில என்ன இருக்கும்னு கேக்காதீங்க."

மாமா தாளோடு அடுத்த அறைக்குப் போனார். அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தியதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

"ஸ்கூல்லயும் இதத்தான் சொல்றாங்கடி. லீவு கேட்டா ரிப்போர்ட் கொண்டா, ரிப்போர்ட் கொண்டாந்தா லேசுன்னு போட்டிருக்கேன்னு கேக்கறாங்க. காலைல எழுந்தா ஒரு மணி நேரம் முட்டிய மடக்க முடியல. சூடா இருக்கு, தொட்டுப் பாரு. நான் நடிக்கிறேனா?"

தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. உப்பியும் இருந்தது. தாளின் அடியில் இருந்த கையெழுத்தை அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்த கையெழுத்து. படக்கார டாக்டருடையது.

மறுநாள் காலை எட்டரைக்கே அவருடைய அறைக்குப் போய்விட்டாள். ஜன்னல் இல்லாத அறை. நான்கு திரைகள் மட்டும் ஒளிர்ந்தன. ஏ.சி. குளிரில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா படத்த எடுங்க."

"உங்க அக்காவா அது? சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா லேசு கனமா ஆயிருக்குமா?"

அவர் படத்தை எடுத்தார். சாம்பலும் வெள்ளையுமாக முட்டி வந்தது. சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு அடுக்காகக் காட்டினார். "குருத்தெலும்பு இருக்கு பாருங்க. கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. மூட்டுல தண்ணி இருக்கு. தண்ணி எது, சவ்வு எதுன்னு இந்தப் படத்துல பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதான் 'தடித்திருக்கலாம்'னு எழுதினேன்."

"அவளால படி ஏற முடியல."

"மேடம், படத்துல தெரியறதத்தான் நான் எழுத முடியும். வலிய எழுத எனக்கு மெஷின் குடுக்கல. படத்துல முட்டி பாதி காணாமப் போனவங்க டான்ஸ் ஆடறாங்க. ஒண்ணுமே இல்லாதவங்க அழறாங்க. நான் என்ன பண்ண?"

"சரியா பாக்கலாம். இருபத்து மூணு முட்டியில பாதிய தப்பாப் பாத்த கண்ணுதான இது?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் டம்ளரை மேசையில் வைத்தார். கோபப்பட்டால் அவர் மெதுவாகப் பேசுவார்.

"ஒண்ணு கேக்கறேன். வாளியில வர்ற துண்டு உள்பக்கத்துலேர்ந்து வந்துதா வெளிப்பக்கத்துலேர்ந்து வந்துதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்பக்கத் துண்டுல நீல நூல் கட்டி அனுப்புவாங்க."

"யாரு?"

"ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்."

"அவங்க கட்டறத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"முதல் முட்டிக்கு நானே கீழ போய்ச் சொல்லிக்குடுத்தேன்."

"மத்த இருபத்தொம்பதுக்கு?"

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நியாயமான கேள்வியைக் கேட்டுவிட்டார் என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் எலும்பென்றால் வடிவத்தைப் பார்த்தே பக்கத்தைச் சொல்லிவிடலாம். இவை தேய்ந்து, நொறுங்கி, அறுவை ரம்பத்தில் பட்டு, பிஸ்கட் துண்டுகள்போல வருபவை. ஓரிரு முறை வடிவம் இடித்தது உண்மை. அப்போதெல்லாம் அவள் தன் கண்ணை ஒதுக்கிவிட்டு நூலை நம்பினாள்.

அடுத்த அறுவை வியாழக்கிழமை. முப்பத்தோராவது முட்டி. அவள் பச்சை உடையும் தலைக்குல்லாவும் போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் போய்ச் சுவரோரம் நின்றாள். சிஸ்டரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். என்ன பேசவேண்டும் என்று லிஃப்டிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று.

மேசையில் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர். அறுபத்தைந்து வயது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். மார்புக்கு நேரே கட்டிய துணித் திரைக்கு அந்தப் பக்கம் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். சர்ஜன் ரம்பத்தை எடுத்தார். சத்தம் அடங்கியதும், வெட்டிய எலும்பின் இரண்டு துண்டுகளை முட்டியில் இருந்த வாக்கிலேயே தட்டில் வைத்தார். மேசையின் கால்மாட்டில் நின்ற சிஸ்டர், தட்டைத் திருப்பாமல் வாங்கி, வலது கைப்பக்கம் இருந்த துண்டில் நீல நூலைக் கட்டினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

திசு டாக்டர் சுவரைவிட்டு முன்னால் வந்தாள். "சிஸ்டர், இது இடது கால்."

"ஆமா டாக்டர்."

"உங்க வலது கைப்பக்கம் இருக்கிறது வெளிப்பக்கம். நான் உள்பக்கத்துலதான கட்டச் சொன்னேன்?"

"நீங்க சொன்ன பக்கத்துலதான் கட்டறேன்."

"இது தப்பான பக்கம் சிஸ்டர்!"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, தப்பான பக்கமா? எனக்கு இடது கால்ங்க. இடதுதான வெட்டியிருக்கீங்க?"

"இடதுதான் பெரியவரே, பயப்படாதீங்க" என்றார் சர்ஜன்.

"அந்தம்மா தப்புங்கறாங்களே!"

"அது வேற தப்பு."

"வேற என்னங்க தப்பு இருக்கு?"

மயக்க மருந்து டாக்டர் அவர் தோளைத் தட்டிச் சமாதானப்படுத்தினார். சர்ஜன் முகமூடிக்குமேல் கண்களை மட்டும் திருப்பித் திசு டாக்டரைப் பார்த்தார்.

சிஸ்டர் பதறவில்லை. முப்பது வருஷம் தியேட்டரில் நின்றவர். கையில் இரத்தம் படிந்த உறை இருந்ததால் தாடையால் சுவரைக் காட்டினார். பொருள் வைக்கும் அலமாரியின் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"நீல நூல் – எப்பவும் வலது கைப்பக்கம்!!"

இரண்டு ஆச்சரியக்குறி. 'எப்பவும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. திசு டாக்டரின் கையெழுத்து.

எட்டு மாதத்துக்கு முன் வந்த முதல் முட்டி வலது முட்டி. கால்மாட்டிலிருந்து பார்த்தால் வலது முட்டியின் உள்பக்கம் பார்ப்பவரின் வலது கைக்கு வரும். அவசரத்தில், யாரும் குழம்பக்கூடாது என்று, எளிமையாக இருக்கட்டும் என்று, அவளே எழுதி அவளே ஒட்டிவிட்டுப் போனது அது. இடது முட்டி வந்தால் எல்லாம் தலைகீழாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சிஸ்டர் சொன்னபடி செய்திருந்தார், முப்பது தடவையும், ஒரு தடவைகூடப் பிசகாமல்.

"எனக்கு நடுவுல ஒரு தடவ சந்தேகம் வந்துது" என்றார் சிஸ்டர். "போன் பண்ணிக் கேட்டேன். 'எழுதியிருக்கறத செய்ங்க சிஸ்டர், நீங்களா யோசிக்காதீங்க'ன்னு சொன்னீங்க."

சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் பயன்படவில்லை. "மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றாள். பிறகு, துணித் திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "உங்ககிட்டயும்தான் ஐயா. உங்க கால் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"இருந்தா சரி" என்றார் பூட்டுக்காரர், நம்பாமல்.

அன்று மத்தியானம் அவள் படக்கார டாக்டரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைச் சொன்னாள். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள், மூன்றாவதற்குத் தைரியம் இல்லை. அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார், அதைப் பார்ப்பது இன்னும் கொடுமையாக இருந்தது.

"அப்ப என் படம் சரி."

"இடது முட்டியெல்லாம் பக்கத்த மாத்திப் போட்டுடறேன். படிச்சதுல பதினொண்ணு இடது."

"மாத்தினா ஒத்துப்போகும்ங்கறதுக்காக மாத்தக்கூடாது மேடம்" என்றார். சிரிப்பு போய்விட்டது. "நூல நம்பாமயே பக்கத்தைக் கண்டுபிடிக்கணும். இல்லன்னா நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்வோம்?"

அதுவும் நியாயம். இந்த ஆள் ஏன் இப்படி நியாயமாகவே பேசுகிறார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மதிப்பெண் உறைகளைத் திறக்காமல், பக்கத்தை மட்டும் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. தேய்ந்த எலும்புகளில் ஆங்காங்கே பட்டாணி அளவில் ஓட்டை விழுந்திருக்கும். படத்திலும் அது தெரியும், வாளியில் மிச்சமிருக்கும் எலும்பிலும் தெரியும். அந்த ஓட்டை முட்டியில் எந்தப் பக்கம் இருந்தது என்று படத்தில் பார்த்து, துண்டோடு ஒப்பிட்டார்கள். நான்கு நாள் வேலை. அவர் தன் குளிர் அறையைவிட்டு முதல் தடவையாக மாடியேறி அவளுடைய ஆய்வறைக்கு வந்தார். வாளி மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வர, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுலயா தினமும் உக்காந்திருக்கீங்க?"

"உங்க ஃப்ரிட்ஜுக்கு இது எவ்வளவோ மேல்."

பதினொன்றில் ஒன்பது முட்டிகளில் ஓட்டை இருந்தது. ஒன்பதிலும் நூல் தப்பான பக்கத்தில்தான் இருந்தது. மிச்ச இரண்டும் அதே தாளைப் பார்த்துக் கட்டியவை என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். வலது முட்டிகள் பன்னிரண்டையும் பார்த்தார்கள், ஓட்டை இருந்த எல்லாவற்றிலும் நூல் சரி. புள்ளிவிவரப் பெண் பக்கங்களைத் திருத்திக் கணக்கை மறுபடி ஓட்டினாள். குருத்தெலும்புக்கு இருபத்து மூன்றில் இருபது ஒத்துப்போனது.

"இப்ப உறையத் திறக்கலாம்" என்றார் படக்கார டாக்டர். நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்திருந்தார்.

திறந்தார்கள். அவர் சாய்ந்த நிலை ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. சவ்வுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, நூலும் கிடையாது, அந்தப் பத்தியில் குற்றம் சொல்ல யாருமில்லை. அவர் 'ஒன்று, லேசு' என்று போட்டிருந்த முட்டிகளில் ஒன்பதுக்கு அவள் 'மூன்று' போட்டிருந்தாள்.

அவள் ஒரு தகட்டை நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். "ஒரு வரிசை செல் இருக்க வேண்டிய சவ்வு இது. எண்ணுங்க."

எண்ண முடியாது. ஊதா நிற அழற்சிச் செல்கள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்தன. புது இரத்தக்குழாய்கள் கொடிபோல ஓடின. அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"படத்துல இது தண்ணியோட தண்ணியா தெரிஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "சாய ஊசி போட்டு எடுத்திருந்தா சவ்வு தனியா வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும். செலவு, நேரம், கிட்னி டெஸ்ட் வேற. அதனால வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"யாரு சொன்னா?"

"நான்தான் மேடம். நான்தான்."

அவளுக்கு ஒரு விநாடி மனசு குளிர்ந்தது உண்மை. ஆனால் அடுத்த விநாடியே சோபாவில் நீட்டியிருந்த அந்தக் கால் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"எங்க அக்காவுக்கு ஊசி போட்டு மறுபடி எடுங்க. நாளைக்கே."

அவர் போனை எடுத்து ஸ்கேன் அறையில் நேரம் கேட்டார்.

மறுநாள் அக்கா வந்தாள், மாமாவும் பழைய ரிப்போர்ட்டோடு வந்தார். கிட்னி சோதனை முடிவு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் காத்திருப்பு அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அக்காவின் முட்டி வரலாறு மனப்பாடமாகிவிட்டது. படம் எடுத்ததும் படக்கார டாக்டர் அவளை நேரே உள்ளே கூப்பிட்டு, திரையில் காட்டினார். முட்டிச்சிப்பிக்கு மேலும் பின்னாலும் சவ்வு பளீரென்று வெள்ளையாக, மடிப்பு மடிப்பாகத் தடித்துக் கிடந்தது.

"இது மனசு இல்லைங்க" என்றார் மாமாவைப் பார்த்து. "நல்லா வீங்கிப்போன சவ்வு." பிறகு அக்காவிடம் திரும்பினார். "போன தடவ நான் எழுதினது போதாதும்மா."

அக்கா எப்படியும் கத்துவாள் என்று தங்கை தயாராக நின்றாள். அக்கா கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"ரெண்டு வருஷமா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டாக்டர்" என்றாள். "நிஜமாவே நான்தான் பொய் சொல்றேனோன்னு."

மாமா பழைய ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதற்கப்புறம் அவர் அதைப் படிக்கவில்லை.

இரத்தச் சோதனையில் அது வெறும் தேய்மானம் இல்லை, மூட்டு அழற்சி நோய் என்று தெரிந்தது. அதற்கான டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார், முட்டியில் ஒரு ஊசியும் போட்டார். சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் படியை நேராக ஏறினாள். இரண்டு வகுப்பு தொடர்ந்து நிற்க முடிந்தது. ஓடமுடியவில்லை, அதற்காகத் தினமும் யாரையாவது திட்டினாள்.

ஆய்வுக் கட்டுரையை எழுதும்போது துறைத்தலைவர் திசு டாக்டரைக் கூப்பிட்டார். "அந்தப் பக்கம் மாறின விஷயம் வேணுமா? 'அடையாளமிடுதலில் சிறு திருத்தம்'னு ஒரு வரியில முடிச்சிடுங்களேன்" என்றார். அவள் ஒரு பக்கம் எழுதினாள். யார் சொல்லி, யார் கட்டி, எப்படித் தெரிந்தது என்று எல்லாம். தவறு குறிப்பு எழுதியவருடையது, கட்டியவருடையது அல்ல என்றும் சேர்த்தாள். அதற்குக் கீழே படக்கார டாக்டர் தன் கைப்பட இன்னொரு பத்தி சேர்த்தார், சாய ஊசி இல்லாத படத்தை வைத்துச் சவ்வைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று. அந்தப் பத்தியில் ஒரு வார்த்தைக்காக இருவரும் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

கட்டுரையை அனுப்பிய வாரத்தில் அக்கா தங்கையைப் பார்க்க ஆய்வறைக்கு வந்தாள். லிஃப்ட் வேண்டாம் என்று மூன்று மாடி ஏறி, மூச்சுவாங்க வாசலில் நின்றாள். பின்னால் மாமா அவளைவிட அதிகமாக மூச்சுவாங்கினார். வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்:

"ஏண்டி, என் முட்டியையும் வெட்டிக் குடுத்திருந்தா என் சவ்வுக்கு எவ்வளவு மார்க் போட்டிருப்ப?"

"மூணு."

"எத்தனைக்கு?"

"மூணுக்கு."

அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"கேட்டீங்களா? ஃபுல் மார்க்!"